ஐரோப்பிய ப்ரூவரிப் பயணம்: மால்ட் சூளையில் தொடங்குங்கள்

கேள்வி: பெர்லினில் ப்ரூமாஸ்டர் (பியர் காய்ச்சும் வல்லுநர்) படிப்பு வரும் ஜூனில் முடிகிறது. விசா அக்டோபர் கடைசி வரை இருக்கிறது. ஊர் திரும்புமுன் ஐரோப்பாவின் முக்கியமான ப்ரூவரிகளைச் சுற்றிப் பார்க்க ஆசை. கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, எல்லாமே பெரிய பெயர்கள். எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்? மால்ட் (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடியின் பூ) விற்கும் கம்பெனிகளையும் போய்ப் பார்ப்பதில் ஏதாவது பயன் உண்டா?

பதில்:

முதலில் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் சப்ளையர்களை எழுதுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் இதுதான்: பயன் உண்டா என்றில்லை, பயணத்தின் பெரும்பங்கு அதுதான்.

ஒரு ப்ரூவரிக்குள் போனால் பளபளக்கும் செம்புக் கொதிகலன், வரிசையாக நிற்கும் ஸ்டீல் டேங்க், கடைசியில் ஒரு கிளாஸ் பியர். எந்த நாட்டிலும் சுற்றுலா வழி இதுதான். அவர்கள் காட்ட விரும்புவதைத்தான் நாம் பார்ப்போம். சப்ளையர் கதை வேறு. ஒரு மால்ட் ஆலைக்காரருக்கு நூற்றுக்கணக்கான ப்ரூவரிகள் வாடிக்கை. எந்த ஆலையில் வடிகட்டல் அடைத்துக்கொள்கிறது, எங்கே நுரை நிற்கவில்லை, யார் போன வருட அறுவடையால் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள் என்று எல்லாக் குறையும் அவர் காதுக்குத்தான் முதலில் வரும். பெயர் சொல்ல மாட்டார், ஆனால் விஷயத்தைச் சொல்வார். விற்க வந்தவர் என்பதை மறக்காமல் கேட்டுக்கொண்டால், ஒரு செமஸ்டர் பாடம் ஒரு மதிய உணவில் கிடைக்கும்.

அடுத்தது காலம். ஜூனில் படிப்பு முடிந்த கையோடு கிளம்பாதீர்கள். ஜூலையில் ஐரோப்பாவின் பாதி ஆட்கள் விடுமுறையில் இருப்பார்கள். ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுவைத் தாண்டி ஓடும். பெல்ஜியத்தில் லாம்பிக் (ஈஸ்ட் போடாமல் காற்றிலிருந்தே நொதிக்கும் புளிப்பு பியர்) காய்ச்சும் பருவம் அக்டோபர் வாக்கில் குளிர் எட்டிப் பார்க்கும்போதுதான் தொடங்கும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மனியின் பவேரியா, செப்டம்பர் நடுவில் செக் நாடு, அக்டோபரில் பெல்ஜியம். செப்டம்பர் இரண்டாம் பாதியில் மியூனிக் நகருக்குள் கால்வைக்கவே வேண்டாம். அக்டோபர்ஃபெஸ்ட் நேரத்தில் வாடகைக்கு அறையும் கிடைக்காது, ப்ரூமாஸ்டர்களும் கிடைக்க மாட்டார்கள்.

தொடக்கம் பவேரியாவின் பாம்பெர்க். இந்தச் சின்ன ஊரில் மூன்று விஷயம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன: 1879இல் தொடங்கிய வையர்மன் மால்ட் ஆலை, 1677இலிருந்து பாத்திரம் செய்துவரும் காஸ்பர் ஷூல்ஸ் கம்பெனி, புகை பியருக்குப் பேர்போன ஷ்லெங்கர்லா. சிறப்பு மால்ட் என்றால் உலகம் முழுக்கச் சின்ன ப்ரூவரிகள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று வையர்மன். பெங்களூரு ப்ரூபப் ஒன்றின் சரக்கறையில்கூட அந்த மஞ்சள்-சிவப்பு மூட்டையைப் பார்க்கலாம்.

மால்ட் செய்வது நம் வீட்டுக்குத் தெரியாத வித்தையில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து, வறுத்து அரைக்கிறோமே, அதே வேலைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு படியையும் எண்ணைக் கொண்டு கட்டுப்படுத்துகிறார்கள். பார்லியை இடையிடையே தண்ணீரை வடித்துக் காற்றுவிட்டு ஊறவைத்து ஈரப்பதத்தைச் சுமார் 45 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு 14 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த காற்றில் நாலைந்து நாள் முளைப்பு. அந்த அறைக்குள் போனால் வெள்ளரிக்காய் அரிந்த வாசனை வரும். தானியம் மூச்சுவிட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். புரட்டும் திருகு நகராவிட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். கையில் ஒரு பிடி அள்ளி ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல வழவழவென்று மாவாகப் பரவினால் உள்ளே செல்சுவர் கரைந்துவிட்டது, சூளைக்குப் போகலாம். நடுவே நறநறவென்று கட்டி நின்றால் இன்னும் நேரம் வேண்டும். ஆய்வகத்தில் எத்தனை மெஷின் வந்தாலும் மால்ட்காரர்கள் இந்தத் தேய்ப்பை விடவில்லை.

சூளையில்தான் மால்ட்டின் விதி பிரிகிறது. 80 முதல் 85 டிகிரியில் முடித்தால் வெளிர் பில்ஸ்னர் மால்ட். 100 டிகிரியைத் தாண்டவிட்டால் மியூனிக் மால்ட். கேரமல் மால்ட்டுக்கு வேறு வழி. முளைத்த ஈரத் தானியத்தைக் காயவைக்காமலே உருளைக்குள் போட்டு 65 டிகிரி பக்கத்தில் வேகவைப்பார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், பிறகு சூட்டை ஏற்றினால் அந்தச் சர்க்கரை கருகிக் கேரமலாகும். கருமால்ட் 200 டிகிரிக்கு மேலே. அந்த வறுக்கும் உருளையின் முன்னோடிக்கு 1817இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதுவரை போர்ட்டர் என்ற கரும் பியருக்கு நிறம் கொடுக்க ஏராளமாகப் பழுப்பு மால்ட் கொட்ட வேண்டியிருந்தது. அந்த உருளை வந்த பிறகு வெளிர் மால்ட்டில் ஒரு சிட்டிகை கருமால்ட் போட்டாலே போதும் என்றாகிவிட்டது. ஒரு நாட்டின் பியரையே மாற்றியது சப்ளையர் கையிலிருந்த ஒரு கருவி என்பதை அங்கே நின்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 1516இல் பவேரியக் கோமகன் நான்காம் வில்ஹெல்ம் இங்கோல்ஷ்டாட்டில் போட்ட தூய்மைச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், வேறெதுவும் கூடாது. அந்தச் சட்டம் இன்று எப்படி வேலை செய்கிறது என்பதை ப்ரூவரியைவிட மால்ட் கிடங்கின் விலைப்பட்டியல் தெளிவாகச் சொல்லும். மாஷ் என்ற மால்ட்-வெந்நீர்க் கூழின் அமிலத்தன்மையைக் கூட்ட வேண்டும், ஆனால் பாட்டில் அமிலம் ஊற்றக் கூடாது. அதனால் லாக்டிக் பாக்டீரியா வளர்ந்த புளிப்பு மால்ட் என்று ஒன்று. நிறம் வேண்டும், சாயம் கூடாது. அதனால் கருமால்ட்டிலிருந்தே காய்ச்சி எடுத்த சினமார் என்ற கருந்திரவம். சட்டத்துக்கு அது சாயமில்லை, பியர். சட்டம் கதவை மூடினால் சப்ளையர் ஜன்னல் செய்து விற்கிறார்! எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை, இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ரசிக்கத்தான் தோன்றுகிறது.

மால்ட் ஆலையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ரகத்துக்கு, இரண்டு வெவ்வேறு வருடத்து ஆய்வுச் சான்றிதழை அருகருகே காட்டச் சொல்லுங்கள். புரதம், கோல்பாக் எண் (புரதத்தில் எவ்வளவு கரைந்தது என்பதன் அளவு), நொறுங்குதன்மை, பாகுத்தன்மை. மழை கொட்டிய வருடத்துக்கும் வறண்ட வருடத்துக்கும் புரதம் எப்படி ஏறி இறங்குகிறது, அதற்கு ஆலை என்ன ஈடு செய்தது என்று கேளுங்கள். மூட்டையில் அச்சடித்த பெயர் அதேதான், உள்ளிருப்பது அதே பொருளில்லை. ஊருக்கு வந்து இறக்குமதி மால்ட்டில் வேலை செய்யப்போகும் உங்களுக்கு இது அன்றாடத் தலைவலியாக வரும்.

மாலையில் ஷ்லெங்கர்லா. அவர்கள் பீச் மர நெருப்பில் தாங்களே மால்ட்டை உலர்த்துகிறார்கள். முதல் வாய் புகையூட்டிய பன்றிக்கறிபோல இருக்கும், பலர் அதோடு வைத்துவிடுவார்கள். இரண்டாவது கிளாஸ்வரை பொறுங்கள், நாக்கு புகைக்குப் பழகி அடியில் இருக்கும் மால்ட் தெரியவரும். வெந்நீர்க் குழாயும் சூடான காற்றும் சூளைக்கு வருமுன் நேரடி நெருப்பில் காய்ந்த மால்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு அளவில் புகை இருந்திருக்கும். மற்ற ஊர்கள் அதைத் துரத்திவிட்டன, பாம்பெர்க்கில் இரண்டு ஆலைகள் விடவில்லை. இன்னொன்று ஷ்பெட்சியால், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே புகை மென்மையாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் ஹாலர்டாவ். மியூனிக்குக்கும் நியூரம்பெர்க்குக்கும் இடையில், உலகத்திலேயே ஒரே தொடர்ச்சியாக ஹாப்ஸ் விளையும் மிகப் பெரிய வட்டாரம். ஏழு மீட்டர் உயரக் கம்பங்கள், அவற்றின் நடுவே கம்பி, கம்பியில் கொடி. வெயில் நன்றாக அடிக்கும் கோடை நாளில் கொடி ஒரே நாளில் ஒரு சாண்கூட ஏறிவிடும். நீண்ட கோடைப் பகல் அதற்கு அவசியம். அதனால்தான் இரு அரைக்கோளத்திலும் 35க்கும் 55க்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில் சாகுபடி நிற்கிறது. நம் ஊரில் ஏன் விளையவில்லை என்று யாராவது கேட்டால் வெயிலைக் காரணம் சொல்லாதீர்கள், பகலின் நீளத்தைச் சொல்லுங்கள்.

அறுவடை நாளில் ஒரு விவசாயியின் கொட்டகையில் நிற்பதற்கு ஈடான வகுப்பு வேறில்லை. டிராக்டர் கொடியை அடியோடு அறுத்து இழுத்துவரும். கொட்டகையில் அதைக் கொக்கியில் தலைகீழாக மாட்டுவார்கள். இயந்திர விரல்கள் பூக்கூம்புகளைப் பிய்த்தெடுக்கும். சரியும் பெல்ட்டில் கூம்பு உருண்டு ஒரு பக்கம் போகும், இலை தட்டையாக ஒட்டிக்கொண்டு மறுபக்கம் போகும். எளிய யோசனை, அருமையான வேலை. பறித்த கூம்பில் 80 சதவீதம் வரை தண்ணீர். 60 முதல் 65 டிகிரிச் சூளையில் சில மணி நேரத்தில் 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஈரம் மிஞ்சினால் மூட்டைக்குள் புழுங்கிச் சூடேறும், தீப்பிடித்ததும் உண்டு. ரொம்பக் காய்ந்தால் கூம்பு உதிர்ந்து மஞ்சள் பொடி தரையில் போகும். அந்த மஞ்சள் பொடிதான் லூபுலின். கசப்பும் வாசனையும் அதில்தான். ஒரு கூம்பை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை லேசாகத் தேய்த்து முகருங்கள், பிறகு கை சூடேறும்படி அழுத்தித் தேய்த்து மறுபடி முகருங்கள். முதலில் பூவும் பழமும், இரண்டாவதில் பூண்டு வாடையோ புல் வாடையோ வந்தால் வாங்குபவர் முகம் மாறும். கையில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகாது. கொஞ்சம் எண்ணெய் தேயுங்கள்.

ஹாலர்டாவில் ஆண் கொடியைப் பார்க்க முடியாது. ஆண் இருந்தால் மகரந்தம் பரவிப் பெண் கூம்பில் விதை பிடிக்கும், தரம் கெடும். அதனால் வேலியோரம் தானாக முளைத்த ஆண் கொடியையும் தேடிப் பிடுங்குகிறார்கள். விதிவிலக்கு ஹ்யூல் என்ற கிராமத்து ஆராய்ச்சி நிலையம். 1920களில் அடிச்சாம்பல் நோய் இந்த வட்டாரத்தையே சாய்த்தபோது, 1926இல் ப்ரூவர்களும் வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் வேலை இது. மாக்னம், ஹெர்குலஸ், மாண்டரினா பவாரியா எல்லாம் அங்கே பிறந்த ரகங்கள். ஒரு புது ரகம் கலப்பிலிருந்து விவசாயி கைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேலாகும் என்பதை அங்கே நாற்று வரிசைகளைப் பார்த்தால்தான் மனதில் பதியும். பழைய மிட்டல்ஃப்ரூ ரகத்தில் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 3 முதல் 5 சதவீதம். ஹெர்குலஸில் 15க்கு மேல். ஒரு விவசாயிக்கு எது சோறு போடும் என்று கேட்க வேண்டியதில்லை. நல்ல வாசனை ரகங்கள் பிழைப்பது ப்ரூவரிகள் பல வருட ஒப்பந்தத்தில் கூடுதல் விலை கொடுப்பதால்தான்.

அறுவடை பார்த்த கையோடு மைன்பூர்க் பக்கம் பதப்படுத்தும் ஆலை ஏதாவது ஒன்றையும் பாருங்கள். கூம்பை அரைத்து அச்சில் அழுத்தித் துகள் உருண்டையாக்குவார்கள், அதுதான் நீங்கள் தெரிந்துவைத்திருக்கும் டி-90 பெல்லட். உறையவைத்து அரைத்துச் சல்லடையில் லூபுலினைச் செறிவாக்கினால் டி-45. உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடில் கரைத்தெடுத்தால் தேன்போல ஒட்டும் சாறு. ஆக்சிஜன் புகாத ஃபாயில், குளிர்கிடங்கு. கிடங்கு மேலாளரிடம் பொட்டலம் திறந்தபின் எத்தனை நாள் என்று கேளுங்கள். எந்த ப்ரூவரியும் இந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்ததில்லை.

ஃப்ரைசிங் பக்கத்திலேயே இருக்கிறது. வைஹன்ஷ்டெஃபான் ப்ரூவரி தன்னை உலகின் மிகப் பழையது என்கிறது, 1040 என்று பாட்டிலில் போடுகிறது. அந்த உரிமை ஆவணம் பிற்காலத்தில் எழுதியது என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். வருடத்தைப் பற்றி நமக்கென்ன, அங்கே மெய்யான சொத்து மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட் சேமிப்பு. W-34/70 என்ற லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பியர்) ஈஸ்ட் அங்கிருந்துதான் உலகமெல்லாம் போனது. நீங்கள் குடித்த லாகர்களில் எத்தனையோ அதன் வழிவந்தவை. சாய்வான அகார் குழாயில் விரல்நுனியளவு வெண்படலமாக இருக்கும். அதை நூறு ஹெக்டோலிட்டர் (பத்தாயிரம் லிட்டர்) டேங்க் வரை எப்படிப் படிப்படியாகப் பெருக்குகிறார்கள், ஒவ்வொரு படியிலும் என்ன சூடு, எவ்வளவு காற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். தனி ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பு எடுக்கும் முறையை 1883இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் உருவாக்கினார். அதே ஆய்வகத்தில்தான் சோரன்சன் 1909இல் அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் அளவுகோலைக் கொடுத்தார். கோபன்ஹேகன் வழியில் இல்லை, செலவும் அதிகம். இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்.

ஃப்ரைசிங்கிலேயே ஷ்டைனெக்கர், ரெகன்ஸ்பூர்க் அருகே நாய்ட்ராப்ளிங்கில் க்ரோனஸ். முன்னது காய்ச்சும் பாத்திரங்கள், பின்னது பாட்டில் வரிசைகள். பாட்டில் வரிசை அலுப்பான விஷயம் என்று நிறைய மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒரு இடத்தில் மட்டும் நின்று பாருங்கள்: பியர் நிரம்பிய பாட்டில் மூடி போடும் இடத்துக்கு வருமுன் ஊசிமுனையளவு வெந்நீர்த் தாரை ஒன்று உள்ளே பாயும். பியர் சட்டென்று நுரைத்துக் கழுத்தில் இருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு ஏறும். அந்த நுரையின் மேலேயே மூடி விழும். இது மணிக்கு அறுபதாயிரம் பாட்டில் வேகத்தில் நடக்கிறது. ஆறு வாரம் நிலவறையில் பொத்திப் பொத்தி வளர்த்த பியர், இந்த ஒரு நொடியில் ஆக்சிஜன் புகுந்தால் மூன்று மாதத்தில் ஈர அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும். மொத்த ஆக்சிஜன் எத்தனை பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) என்று கேளுங்கள். 50க்குக் கீழே என்றால் நன்றாக நடத்துகிறார்கள். பதில் சொல்லத் தயங்கினாலும் அதுவும் ஒரு பதில்தான்.

ஜெர்மனியில் இனி ஒரு ப்ரூவரி போதும், நிலவறையும் சொந்த மால்ட் ஆலையும் உள்ளதாகப் பாருங்கள். வழியில் கொலோன் நகரம் வந்தால் ஒரு மாலை. கோல்ஷ் பியரை 200 மில்லி கிளாஸில்தான் தருவார்கள். தீரத் தீரக் கேட்காமலே அடுத்தது வரும், கிளாஸின்மேல் அட்டையை வைத்தால்தான் நிறுத்துவார்கள். தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, ஆனால் பியர் எப்போதும் புதிதாகவே வாய்க்கு வர இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

செக் நாட்டில் பில்சன். 1842 அக்டோபர் 5இல் யோசெஃப் குரோல் என்ற பவேரியர் இங்கே காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இன்று உலகத்தில் விற்கும் பியரில் பெரும்பகுதிக்குத் தாத்தா. ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது. மியூனிக் தண்ணீரில் கார்பனேட் அதிகம், வெளிர் மால்ட் போட்டால் மாஷின் பிஹெச் இறங்காது, கசப்பு கரகரவென்று இருக்கும். கருமால்ட்டின் அமிலம் அதை ஈடுகட்டும். அதனால் மியூனிக் கருப்புக்குப் போனது, பில்சன் பொன்னிறத்துக்குப் போனது. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த இதை, அந்த ஊர்த் தண்ணீரை ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

இங்கே இன்னமும் மூன்று தடவை மாஷின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுகிறார்கள். மற்ற ஆலைகள் பெரும்பாலும் இதைக் கைவிட்டுவிட்டன. இன்றைய மால்ட் நன்றாக முளைத்து வருகிறது, கொதிக்கவைக்கத் தேவையில்லை, எரிபொருள் மிச்சம் என்பது அவர்கள் வாதம். இது தேவையா என்று என்னைக் கேட்டால், பில்சனில் குடித்தபின் தேவை என்பேன், மாதக் கடைசியில் கேஸ் பில்லைப் பார்த்தபின் வேறு மாதிரி சொல்வேன். அடியில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீள நிலவறைகள். 1990களின் தொடக்கத்தில் பெரும் உற்பத்தி ஸ்டீல் டேங்குக்கு மாறியபோதும், கொஞ்சம் வோர்ட்டை (நொதிக்குமுன் இருக்கும் இனிப்புச் சாறு) பழைய முறையில் கருவாலி மரப் பீப்பாயில் நொதிக்கவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுவருகிறார்கள். சுற்றுலா முடிவில் வடிகட்டாத பியரைப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தருவார்கள். ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், கீழே குளிரும். அங்கிருந்து ஷாட்டெட்ஸ் ஊருக்கும் ஒரு நடை. சாஸ் ஹாப்ஸின் ஊர். பழைய கிடங்குகளும் உலர்த்தும் கூடங்களும் சேர்ந்த அந்த நிலப்பரப்பை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பெல்ஜியத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இதுவரை கற்றதையெல்லாம் பிரஸ்ஸல்ஸில் கான்டியோன் ஆலை கவிழ்த்துப்போடும். 1900இல் தொடங்கிய குடும்ப ஆலை, அன்டர்லெக்ட் பகுதித் தெருவில் ஒரு கராஜ்போலத் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே முளைக்காத கோதுமை, மிச்சம் பார்லி மால்ட். ஹாப்ஸ் வேண்டுமென்றே வருடக்கணக்கில் பழசாக்கியது, வாசனைக்காக இல்லை, வேண்டாத பாக்டீரியாவை அடக்க. ஹாலர்டாவில் ஃபாயில் பொட்டலத்தை அத்தனை கவலையோடு பார்த்துவிட்டு இங்கே கோணிப்பையில் வெளிறிப்போன ஹாப்ஸைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொதித்த வோர்ட்டைக் கூரைக்கடியில் அகலமான செம்புத் தொட்டியில் பரப்பி, ஓட்டுக்கூரை இடுக்குகளில் காற்று வர, ஒரு ராத்திரி விட்டுவிடுவார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காலையில் பீப்பாய்க்குப் போகும். முதலில் குடல் பாக்டீரியா வகை, பிறகு சாதாரண ஈஸ்ட், பல மாதம் கழித்து லாக்டிக் அமிலம், அதற்கும் பிறகு ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். ஒரு கூட்டம் போக அடுத்த கூட்டம் என்று மூன்று வருடம்வரை ஓடும். ஒட்டடை அடிப்பதில்லை, சிலந்தி பழ ஈயைப் பிடிக்கும் என்று விட்டுவைக்கிறார்கள். கோடையில் காய்ச்சாததற்குக் காரணம் இதே காற்றுதான்: வெப்ப நாளில் வரும் கிருமிக் கூட்டத்தை வைத்து நல்ல பியர் வராது, தொட்டியும் ஒரே ராத்திரியில் ஆறாது.

கான்டியோனுக்குப் போன அதே உடுப்போடும் காலணியோடும் மறுநாள் லாகர் ஆலைக்குள் நுழையாதீர்கள். இதைக் கண்டிப்பாகக் கேட்கும் ஆலைகள் உண்டு, கேட்காத ஆலையிலும் மரியாதைக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பியர் காய்ச்சும் ட்ராப்பிஸ்ட் துறவிகளின் மடங்களைப் பற்றி உங்களுக்குப் பெரிய கனவு இருக்கும். வெஸ்ட்ஃப்ளெட்டரன் ஆலைக்குள் வெளியார் போக முடியாது, எதிரே உள்ள ஓட்டலில் பியர் குடித்துவிட்டு வரலாம். ஓர்வாலும் வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஆலையைத் திறக்கிறது. ஒரு வாரத்தை இதில் செலவிடுவதைவிட ரூசலாரில் ரோடன்பாக் ஆலையின் ராட்சத மரப்பீப்பாய்க் கூடங்களைப் பாருங்கள். மொத்தம் 294 பீப்பாய்கள், கூரையைத் தொட்டு நிற்கும்.

போகும் முறை பற்றிக் கொஞ்சம். சுற்றுலா டிக்கெட் எடுக்காதீர்கள், மெயில் எழுதுங்கள். பொதுமுகவரிக்கு எழுதினால் பொதுப்பதில் வரும். தொழில்நுட்ப விற்பனைப் பிரிவைத் தேடி, உங்கள் பள்ளியின் பெயரையும், திரும்பிப்போய் எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்பதையும், கேட்க விரும்பும் ஒரே ஒரு குறிப்பான கேள்வியையும் எழுதுங்கள். ஒரு மால்ட் ஆலையில் நாங்கள் இரண்டு மணி நேரம் ஸ்லைடு பார்த்ததோடு சரி, சூளைப் பக்கமே விடவில்லை. அதன் பிறகு மெயிலிலேயே எந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் வழக்கம் வந்தது. பாதுகாப்புக் காலணி உங்களுடையதாக இருக்கட்டும், இரவல் கொடுக்கும் காலணி யாருக்கும் பொருந்தியதில்லை. நொதிக்கும் நிலவறையில் யாராவது குனிந்து எதையாவது எடுக்கச் சொன்னால் முதலில் அளவுமானியைக் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கும், மூக்கு எரியும்போது ஏற்கெனவே அதிகம். ருசி பார்க்கும்போது துப்பும் பாத்திரத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள், மதியம் நாலாவது மாதிரிக்கு மேல் எழுதிய குறிப்பை யாராலும் படிக்க முடியாது.

ஆலைக்குள் டேங்கைப் படம் எடுப்பதைவிடத் தரையைப் பாருங்கள். வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது, குழாய் எங்கே கழற்றி மாட்டப்படுகிறது, காலியாகக் கிடக்கும் ஹோஸ் பைப்பின் வாய் தரையில் படுகிறதா தொங்குகிறதா. நீங்கள் ஊரில் ஒரு சின்ன ப்ரூவரி கட்டப்போனால் செம்புக் கொதிகலனை யாராவது விற்பார்கள், தரைச் சரிவை நீங்கள்தான் கான்ட்ராக்டரிடம் சொல்லிப் போடவைக்க வேண்டும்.

மாதிரிகள் கொடுப்பார்கள், ஆசையாக இருக்கும். முளைக்கக்கூடிய பார்லி விதையையும் ஹாப்ஸ் வேரையும் பெட்டியில் போட்டு இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள், தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியில்லாமல் விமான நிலையத்திலேயே நிற்கும். ஆய்வுச் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. திரும்பியபின் ஒவ்வொருவருக்கும் ஒரு நன்றி மெயில் போடுங்கள். ப்ரூவரியில் எங்கே ஆள் தேவை என்று மால்ட் விற்பவருக்கு விளம்பரம் வருமுன்பே தெரியும். எனக்குத் தெரிந்த பலருக்கு முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது.

மெயில்களை ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள். ஹாலர்டாவ்காரர்களுக்கு ஆகஸ்ட் நடுவுக்கு மேல் எழுதினால் அறுவடை முடிந்த பிறகுதான் பதில் வரும்.